புளியங்கொட்டைக் கம்ப்யூட்டர்

சின்னச்சாமி எழுதிய புரோகிராம்கள் கோயம்புத்தூரில் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியவன் போடிநாயக்கனூரில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தான். 1987 வரைக்கும் அவன் ஒரு கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை.

அவன் அப்பா மொக்கையன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் தொங்கிக்கொண்டு இறங்கி வருவார், இரண்டு நாள் தூங்குவார், திரும்ப ஏறிவிடுவார். அம்மா கருத்தம்மாள் பஜாரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கினாள். பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. எத்தனை தரம் கை கழுவினாலும் அவள் பிசைந்து போடும் சோற்றில் ஏலக்காய் மணக்கும். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் சின்னச்சாமி. இயற்பியலில் பட்டம் வாங்கினான். வாங்கிய பிறகு அதை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்துக்குச் சுமை தூக்க அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஆபீசு வேலைக்குக் கூப்பிட யாரும் வரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்து அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே, சவுகத் அலியின் ரேடியோ ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்தான்.

அந்தக் கடையில்தான் ஒரு பழைய வால்வு ரேடியோவைச் சரிபார்க்கும்போது இரண்டு பேர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. செய்தியில்லை, பாட்டில்லை. ஒருத்தர் தன் வீட்டு மாமரம் காய்க்கவில்லை என்றார். இன்னொருத்தர் தான் கட்டிய ரேடியோவில் ஒரு கம்பிச்சுருள் சூடாகிறது என்றார். எங்கோ இருக்கிற இரண்டு வீட்டுக்காரர்கள் காற்றிலேயே பேசிக்கொண்டார்கள்.

"இதென்ன பாய்?"

"சும்மா பேசுற ஆளுக மாப்ளே. சர்க்காருட்ட லைசென்ஸ் வாங்கிட்டுப் பேசுவாக. அதுக்கும் ஒரு பரீட்சை இருக்கு" என்றார் சவுகத் அலி. "ஒனக்குத்தான் பரீட்சைன்னா பிடிக்குமே. சோலிதான கெடைக்கல."

கேலியாகச் சொன்னதை இவன் பிடித்துக்கொண்டான். தம்ளரில் கரண்டியால் தட்டித் தட்டித் தந்தி மொழி படித்தான். சென்னைக்குப் போய் எழுதித் தேறினான். லைசென்ஸ் தருவதற்கு முன்னால் விசாரிக்க வந்த போலீஸ்காரர், பக்கத்து வீட்டு இருளம்மாளிடம் பையன் எப்படி என்று கேட்டார்.

"நல்ல பயதான்யா. கரண்டியோட பேசுவான். வேற கெட்ட பழக்கம் கெடையாது" என்றாள் அவள்.

கடையில் கழித்துப்போட்ட சாமான்களை வைத்தே பேசுகிற ரேடியோ செட்டைக் கட்டினான். ஏரியல் கம்பியைத் தன் வீட்டுக் கூரையிலிருந்து இருளம்மாள் வீட்டுத் தென்னைமரத்துக்கு இழுத்தான். மரம் தன்னுடையது என்ற உரிமையில் அவள் அந்தக் கம்பியில் துணி காயப்போட்டாள். இவன் பேசும்போது ஈரச்சேலையைத் தொட்டால் சுரீரென்று கடித்தது. அதனால் காலையில் கொல்லையிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏலே, பேசப் போறியா? சேலைய எடுத்துக்கிறவா?"

காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் காற்றில் கூடும். பெங்களூரில் ஒரு டாக்டர், திருச்சியில் ஒரு பேராசிரியர், கோயம்புத்தூரில் ஒரு மில்லில் என்ஜினியராக இருந்த தண்டபாணி, இன்னும் சிலர். புதிதாக வருகிறவன் முதலில் பேர், ஊர், செட்டு, ஏரியல், அன்றைய வெயில் மழை எல்லாம் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே கும்பிடு போடுகிற முறை. ஒருத்தர் பேசி முடித்து 'ஓவர்' என்றால் அடுத்தவர் விசையை அழுத்துவார். நடுவில் யாரும் வெட்டிப் பேச முடியாது. வாழ்க்கையில் முதன்முறையாக, தான் சொல்வதைப் படித்தவர்கள் கடைசிவரை கேட்கிறார்கள் என்பது சின்னச்சாமிக்குப் புதிதாக இருந்தது. ஓட்டு வீடோ கிழிந்த பாயோ அவர்களுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான் போனது.

பிறகு கம்ப்யூட்டர் மோகம் வந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சின்னச் சின்ன கிட் வாங்கினார்கள். ஒரு பலகை, அதன்மேல் சில சிப், எண் அடிக்கிற இருபது முப்பது பொத்தான். காற்றில் மாமரப் பேச்சு குறைந்து புரோகிராம் பேச்சு வந்தது. கும்பிடு போடும் முறையிலும் ஒன்று கூடியது: பேர், ஊர், செட்டு, ஏரியல், என்ன கம்ப்யூட்டர்.

சின்னச்சாமியிடம் இருந்தது பதினான்கு பக்கம் ஜெராக்ஸ். சிலமலைக்காரன் காமராஜ், கல்லூரித் தோழன், மதுரையில் மேலே படித்துக்கொண்டிருந்தான். அவன் அனுப்பிய கட்டளைப் பட்டியல் அது. கம்ப்யூட்டருக்கு என்னென்ன எண் கொடுத்தால் என்னென்ன செய்யும் என்ற விவரம். பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதினான். எழுதியது சரியா என்று பார்க்க மெஷின் வேண்டுமே. ஒரு பலகையில் சுண்ணாம்பால் வரிசைக்கு எட்டுக் கட்டம் போட்டான். கட்டத்தில் புளியங்கொட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். ஒவ்வொரு கட்டளைக்கும் கொட்டைகளை எடுத்து, வைத்து, நகர்த்தி, கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் செய்வதை இவன் ஒரு காலைப்பொழுது முழுக்கச் செய்தான்.

"இதென்னப்பு வெளையாட்டு?" என்று கருத்தம்மாள் கேட்டாள்.

விளக்கப் பொறுமையில்லாமல், "கம்ப்யூட்டரு ஆத்தா" என்றான். அவள் நம்பிவிட்டாள். வீடு கூட்டும்போது அந்தப் பலகையைச் சுற்றி மட்டும் விளக்குமாறு படாமல் கையால் தூசியைத் தள்ளினாள்.

பொய் சொல்ல வேண்டுமென்று அவன் நினைக்கவில்லை. ஒருநாள் டாக்டர் தன் கிட்டைப் பற்றிச் சொல்லி, பேராசிரியர் தன்னுடையதைச் சொல்லி, "போடி சின்னச்சாமி, நீங்க என்ன வச்சிருக்கீங்க, ஓவர்" என்று கேட்டார். விசையை அழுத்தினான். "எயிட்டி எயிட்டி ஃபைவ் கிட், சார்" என்றான். தண்டபாணியிடம் இருந்ததும் அதுதான். சொன்னபிறகு கேட்ட இரைச்சலில், இது எல்லோர் வீட்டிலும் போய் விழுந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. காற்றில் சொன்னதைத் திரும்ப வாங்கத் தனியாக ஒரு காது கிடைக்காது. ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொன்னதாகும்.

தண்டபாணி வீட்டில் ஒரு தகராறு இருந்தது. "என்ற ஊட்டுக்காரி மோட்டாரைப் போட்டுட்டு மறந்துடறாங்க தம்பி. மொட்டைமாடித் தொட்டி வழிஞ்சு தெருவே ஆறா ஓடுது. தானா நிக்கற மாதிரி ஒரு புரோகிராம் எழுதுங்க பாக்கலாம்."

சின்னச்சாமி எழுதினான். மறுநாள் காலை எண் எண்ணாக வாசித்தான், தண்டபாணி எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஓடுதுங்க தம்பி. ரொம்பவே ஓடுது. ஒரு சொம்பு தண்ணி எடுத்தா மோட்டார் கிளம்பிடுது. நிக்குது, கிளம்புது, நிக்குது, கிளம்புது. காக்கா வலிப்பு வந்த மாதிரி. ஏன் இப்படி எழுதுனீங்க?"

ஏனென்று பலகையைப் பார்த்து யோசித்தபோது சின்னச்சாமிக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே ஏதோ இடறவும் செய்தது. அவன் தெருவில் ஒன்றுவிட்ட ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். வரும் நேரத்தில் எந்தப் பாத்திரமும் ஒரு விரற்கடை குறைந்திருக்கக்கூடாது. ஒரு செம்பு எடுத்தால் உடனே ஒரு செம்பு ஊற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் கருத்தம்மாளிடம் ஏச்சு வாங்க வேண்டும். தண்ணீர் எப்போதும் கீழே காத்திருக்கும், தொட்டி பாதி காலியானாலும் பதறத் தேவையில்லை என்று ஒரு வீடு இருக்கும் என அவன் யோசிக்கவே இல்லை. மோட்டாரும் தொட்டியும் அவன் கதையில் கேட்டவைதான்.

திருத்தினான். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. மேலளவைத் தொட்டால் நிற்க வேண்டும், கீழளவுக்கு வந்தால்தான் ஓட வேண்டும். நடுவில் இருக்கும்போது, இப்போது நிரப்புகிறோமா நிறுத்தியிருக்கிறோமா என்பதை ஒரு நினைவுப் பெட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் கொட்டை நகர்த்தி வாசித்தான். இந்தத் தடவை ஒழுங்காக ஓடியது. தண்டபாணி அதை மில்லில் கொண்டுபோய் ஒரு சிப்பில் நிரந்தரமாகப் பதித்துவிட்டார்.

அப்புறம் சின்னச்சாமியின் பேச்சுக்குக் கூட்டத்தில் ஒரு கனம் வந்தது. டாக்டர் வீட்டு வாசல் விளக்கு, பேராசிரியரின் மீன்தொட்டி எல்லாவற்றுக்கும் எழுதினான். ஒவ்வொன்றும் ஓடியது என்று கேட்கும்போது, எனக்கு ஏதோ வருகிறது என்று ஒரு நம்பிக்கை எழும். செட்டை அணைத்ததும், எதைத் தொட்டாவது பார்த்திருக்கிறாயா என்று அவனே அவனைக் கேட்பான்.

1987 ஆவணியில் தண்டபாணி அந்தச் செய்தியைச் சொன்னார். "தம்பி, எங்க மில்லுல கம்ப்யூட்டர் பிரிவு ஆரம்பிக்கறாங்க. மேனேஜர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லியிருக்கேன். வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் போடி வழியா மூணாறு போறோம். உங்க வீட்டுக்கு வந்து உங்க கம்ப்யூட்டர் கிட்டையும் வேலையையும் பாத்துடறோம். அதுதான் இன்டர்வியூ. நேர்ல பாத்து ஒரு கையும் குடுத்த மாதிரி இருக்கும். ஓவர்."

காற்றில் பழகியவர்கள் அந்த வழியாகப் போனால் வீட்டுக்கு வந்து செட்டைப் பார்ப்பது அவர்களிடையே ஒரு மரியாதை. வராதீர்கள் என்று சொல்வது அவமதிப்பு. "வாங்க சார், சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, விசையை விட்டு விரலை எடுத்தான்.

மதுரைக்குப் பஸ் ஏறிக் காமராஜைப் பார்த்தான். கல்லூரிக் கிட் வெளியே வராது என்று அவன் கையை விரித்தான். வேண்டுமானால் இங்கேயே பாரு என்று கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்ததைக் காட்டினான். இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா என்றுதான் சின்னச்சாமிக்குத் தோன்றியது.

சவுகத் அலியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லு" என்றார் அவர். "ஊரே எங்கிட்ட அந்தப் பொய்யத்தான சொல்லுது. வீட்டுல டிவி இல்லாதவன் பூரா, பாய் கடையில கெடக்குன்னுதான் சொல்றான்."

"வேணாம் பாய்."

"அப்ப உண்மையச் சொல்லு. பொட்டி இல்லாமலே எழுதுனேன்னு சொல்லு. அதுல என்ன கொறச்சல் ஒனக்கு?"

அதைத் தண்டபாணிக்கு எழுதிவிடலாம் என்று சின்னச்சாமி உட்கார்ந்தான். மூன்று முறை கடிதம் எழுதிக் கிழித்தான். 'அன்புள்ள சார், என்னிடம்' என்பதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும், அப்பாவைப் பார்க்கப் போறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மெட்டுக்குப் போகும் முதல் பஸ்சில் ஏறினான். யாராவது வந்தால் மதுரைக்குப் போயிருக்கான்னு சொல்லு என்றும் சொன்னான். மூணாறு போகிறவர்கள் அதே மலைப்பாதையில்தான் ஏறுவார்கள் என்பது தெரியாமலில்லை. அதற்குள் ஜீப்பைப் பிடித்துத் தோட்டத்துக்குள் போய்விடலாம் என்பது கணக்கு. அன்றைக்கு வந்த இரண்டு ஜீப்பிலும் கால் வைக்க இடமில்லை. மூன்றாவது வரவில்லை. மெட்டில் மூடுபனி. ஒரு டீக்கடைப் பலகையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பதினோரு மணி வாக்கில் ஒரு அம்பாசடர் வந்து நின்றது. "ரெண்டு டீ போடுங்க, சக்கரை கம்மியா" என்றது ஒரு குரல்.

முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. இரண்டு வருடம் தினமும் காலையில் கேட்ட குரல். தண்டபாணி உயரமாக, நரைத்த மீசையோடு, இவனிடமிருந்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் மேனேஜர்.

"அந்தம்மா சொன்னதை நெனச்சா இன்னும் சிரிப்பு வருது" என்றார் மேனேஜர். "'இதுதான்யா கம்ப்யூட்டரு, தொட்டுறாதீக, கணக்கு கலஞ்சுரும்'. அடேயப்பா, ஒரு பலகை நெறையப் புளியங்கொட்டை. உங்காளு நல்லா ஏமாத்திட்டான் தண்டபாணி."

தண்டபாணி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அதுல இருந்தது என்ற ஊட்டுத் தொட்டிப் புரோகிராமுங்க. வரிசை வரிசையாப் பாத்தேன். ஒரு தப்பு இல்ல. மெஷினே இல்லாம எழுதியிருக்கான்."

"அதுக்காக?"

"அவன் மட்டும் அங்க இருந்து, சார் எங்கிட்ட இதுதான் இருக்குன்னு சொல்லியிருந்தா, உங்ககிட்ட சண்டை போட்டாவது எடுத்திருப்பேன். ஆளே ஓடிட்டானே. ஓடறவனுக்கு நான் என்னன்னு பேசறது?"

சின்னச்சாமிக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. சார் என்ற ஒரு சொல் போதும். அந்தக் குரலை அவர் நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதனாலேயே வாய் திறக்கவில்லை. சொன்னால் இப்போது எல்லாம் சேர்ந்து வரும். பொய், ஓட்டம், ஒளிந்திருந்து கேட்டது. எதை முதலில் சொல்வது என்று அவன் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு இன்னொரு டீயா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தண்டபாணி திரும்பிப் பார்த்தார். குளிரில் துண்டு போர்த்திய தோட்டத்து ஆள் ஒருத்தன். பார்வை அவன்மேல் நிற்காமல் பனிக்குள் போனது. கார் கிளம்பிவிட்டது.

மாலையில் வீடு திரும்பினான். கருத்தம்மாள் பூரித்துப்போயிருந்தாள். "பெரிய பெரிய ஆளுகப்பு. தோட்டத்துல இருப்பான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, நீ சொன்னயேன்னு மதுரைன்னுட்டேன். ஒங் கம்ப்யூட்டரத் தெறந்து காட்டுனேன். அந்த மீசைக்காரு தரையில சம்மணம் போட்டு ஒக்காந்து ரொம்ப நேரம் பாத்தாருப்பா. ஒரு கொட்டையக்கூட நகத்தல. எனக்குத்தேன் பயம், நகத்திருவாரோன்னு."

"சரி ஆத்தா" என்றான்.

அதற்குப்பிறகு செட்டில் கேட்பது மட்டும்தான். மூன்று வாரம் தினமும் தண்டபாணி, லைசென்ஸோடு அவனுக்குக் கொடுத்திருந்த அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். "சின்னச்சாமி, கேட்டுட்டிருந்தா வாங்க தம்பி. ஒண்ணும் இல்ல, சும்மா வாங்க." கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இடம் விடுவார். அந்த இரைச்சலைச் சின்னச்சாமி முழுதாகக் கேட்பான். நாளைக்குப் பேசலாம் என்று நினைப்பான். நாள் தள்ளத் தள்ள, இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மில் வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று ஐப்பசியில் பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. கூப்பிடுவது அதற்கு முன்பே நின்றிருந்தது.

அடுத்த மாசியில் ஒரு காலை, தண்டபாணி டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தத் தொட்டிப் புரோகிராம்ல ஒரு கோளாறுங்க டாக்டர். கரண்ட் போயிட்டு வந்தா, தொட்டி பாதி இருக்கறப்ப, சில நாள் மோட்டார் ஓடுது, சில நாள் கம்முனு கெடக்குது. எழுதுன பையன் இருந்தா கேக்கலாம்."

சின்னச்சாமி பலகையை எடுத்தான். நினைவுப் பெட்டிக்கு நேரே போனான். கரண்ட் வந்ததும் அந்தப் பெட்டியில் என்ன இருக்கும்? ஒன்றா, சைபரா? பலகையில் அது எப்போதும் காலியாகத்தான் தொடங்கியது. கொட்டை வைக்காத கட்டம் காலிதானே. உண்மையான மெஷினில் காலி என்று ஒன்று இல்லை. ஏதாவது குப்பை இருக்கும். பலகை தவிர வேறெதையும் தொடாதவனால் அதைக் கண்டிருக்க முடியாது. தொடக்கத்திலேயே பெட்டியைத் துடைக்க வேண்டும். இரண்டே எண்கள்: சைபர் ஆறு, சைபர் சைபர். இன்ன இடத்துக்குத் தாவு என்று பின்னால் வரும் கட்டளைகளின் முகவரிகளை இரண்டிரண்டு தள்ளிப்போட வேண்டும். அதையும் போட்டுப் பார்த்தான். சரியாக இருந்தது.

"வேற யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, ஓவர்" என்றார் தண்டபாணி.

விரல் விசையின் மேல் இருந்தது. அழுத்தினால் நான்கு சொல். இரைச்சல் ஓடியது.

"பேசாம ஒரு பேட்டரி வச்சிருங்க, கரண்ட் போனாத்தானே பிரச்சினை" என்று டாக்டர் வந்துவிட்டார்.

"அதுவும் சரிதானுங்க" என்றார் தண்டபாணி. பேச்சு வெயிலுக்குப் போனது.

தெருவில் குழாய்ச் சத்தம் கேட்டது. "கொடத்தக் கொண்டா அப்பு, வெரசா" என்று கருத்தம்மாள் கூப்பிட்டாள். செட்டை அணைத்துவிட்டுக் குடத்தோடு கொல்லை வழியாகப் போனான். இருளம்மாள் நனைந்த ஜமுக்காளத்தோடு கம்பிக்கடியில் நின்றிருந்தாள்.

"பேசப் போறியாலே? இதப் போடலாமா?"

"போடுங்க சித்தி. பேசல."

ஜமுக்காளத்தின் கனத்தில் இரண்டாம் நாளே கம்பி அறுந்தது. அந்த வருடம் லைசென்ஸ் தேதி முடிந்தபோது அவன் புதுப்பிக்கவில்லை. கம்பியைச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பழைய சாமான் பெட்டியில் போட்டான். துணி காயப்போட இடமில்லை என்று இருளம்மாள் திட்டிக்கொண்டிருந்ததால், அதே தென்னைமரத்திலிருந்து அவளுக்கு ஒரு கயிறு கட்டிக் கொடுத்தான்.